மூப்பரின் பல்செட்

சபையிலும் சரி, வேலை இடத்திலும் சரி, அவளை எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குக் கீழே, பாதி தரைக்குள் புதைந்த மாதிரி இருந்த ஓர் அறையில் இருபத்திரண்டு வருஷமாகப் பொய்ப்பல் கட்டுகிறவள். ஜன்னல் தெருமட்டத்தில் இருந்ததால் வெளியே போகிறவர்களின் செருப்புகள் மட்டும் தெரியும். மேஜைமேல் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அதைப் பார்த்தால் குலை நடுங்கும். பல்லக்காவுக்கு அவை பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி.

வேலையில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பல்செட்டின் உள்பக்கம், ஈறில் உட்காருகிற இடம், அதை யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. மற்ற லேபுகளில் அங்கே அரைகுறையாகத் தேய்த்து அனுப்பிவிடுவார்கள். இவள் அந்த இடத்தைத்தான் இரண்டு மடங்கு நேரம் தேய்ப்பாள். "வெளிப்பக்கத்தை மனுஷன் பாப்பான். உள்பக்கத்தைக் கர்த்தர் பாப்பாரு" என்பாள். டாக்டரம்மாவுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் பல்லக்காவின் கர்த்தர்மேல் மட்டும் அவளுக்கு முழு நம்பிக்கை. வலிக்கிறது என்று ஒரு நோயாளியும் திரும்பி வந்ததில்லையே!

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேலிருந்து ஒரு தட்டு இறங்கியது. மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டின் அச்சு, கூடவே சீட்டு. எல்லாப் பல்லும் எடுத்தாயிற்று, முழு செட் வேண்டும் என்று எழுதியிருந்தது. சீட்டின் மேலே நோயாளியின் பெயர். பல்லக்கா அதை ஒரு தடவை படித்தாள். சீட்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்க் கையைக் கழுவினாள். திரும்பி வந்து நிமிர்த்திப் பார்த்தாள். பெயர் மாறவில்லை. மூப்பர்தான்.

சபையின் மூத்த மூப்பர். வெண்கலத் தொண்டைக்காரர். அவர் ஜெபிக்க ஆரம்பித்தால் ஒலிபெருக்கியை அணைத்துவிடுவார்கள், தேவைப்படாது. சர்க்கரை வியாதியில் ஈறு கெட்டு இரண்டு மாதமாக அவர் சபைக்கு வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய வாய் இப்படி ஈரமும் மணமும் போகாத ஓர் அச்சாகத் தன் உள்ளங்கையில் வந்து உட்காரும் என்று பல்லக்கா கனவிலும் நினைத்ததில்லை.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே வாய்தான் அவள் குடும்பத்தைத் தின்றது.

அப்போது அவளுடைய தங்கைக்கு இருபத்துநாலு வயது. ஆராதனையில் பியானோ வாசிப்பாள். ஞாயிறு வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருவாள். அப்பா ஆலயத்தைப் பெருக்கித் துடைத்து மணியடிக்கிறவர். மூப்பரின் ஒரே மகன், கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் நின்றான். மூப்பர் மகனிடம் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. சபைக் கமிட்டியைக் கூட்டினார். வேதபுத்தகத்தின்மேல் கையை வைத்து, அந்த வெண்கலத் தொண்டையைக் கொஞ்சம் தழுதழுக்க வைத்துக்கொண்டு, "சொல்லவே நாக்கு கூசுது. கல்யாணமான ஒருத்தனோட இந்தப் பொண்ணு லாட்ஜிலேர்ந்து வெளிய வந்ததை ரெண்டு தடவை என் கண்ணால பாத்தேன்" என்றார்.

அவ்வளவுதான். விசாரிக்கக்கூட ஆளில்லை. மூப்பர் கண்ணால் பார்த்தது தேவதூதன் பார்த்த மாதிரி. தங்கையைப் பியானோவிலிருந்து எழுப்பினார்கள். மகன் மூன்றே மாதத்தில் மூப்பர் காட்டிய பெண்ணைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போனான். அப்பா ஆலயத்தின் சாவிக்கொத்தைப் போதகரின் மேஜையில் வைத்துவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர் பத்தாம் மாதம் போய்ச் சேர்ந்தார். தங்கை வேறு ஊருக்குப் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் ஆனாள். அதற்குப்பிறகு அவள் எந்த ஆலயத்து வாசலையும் மிதிக்கவில்லை. பல்லக்காவுக்குப் பேசி முடித்திருந்த இடமும் கைநழுவியது. "தங்கச்சி அப்படின்னா அக்கா எப்படியோ" என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்களாம். பிறகு யாரும் வரவில்லை.

ஆனாலும் அவள் சபையை மாற்றவில்லை. "நான் போயிட்டா அந்தாளு சொன்னது நிஜம்னு ஆயிடும்" என்று தங்கையிடம் சொன்னாள். பதினைந்து வருஷம், ஞாயிறு தவறாமல், இடதுபக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அந்த வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லோரும் சேர்ந்து ஜெபிக்கும்போது, பிறரை மன்னிப்பதுபோல் எங்களை மன்னியும் என்று வருகிற இடத்தில் மட்டும் உதட்டை மூடிக்கொள்வாள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரியும்.

இப்போது அந்த வாய் கைக்குள் வந்துவிட்டது.

முதல் இரண்டு நாளும் வேலையை ஒழுங்காகத்தான் செய்தாள். அச்சில் பிளாஸ்டர் ஊற்றினாள், மெழுகில் பல் அடுக்கினாள். டாக்டரம்மா அதை அவர் வாயில் வைத்துப் பார்த்து, பேசச் சொல்லிக் கேட்டு, "கச்சிதம்" என்று சீட்டில் எழுதிக் கீழே அனுப்பினாள். இனி மெழுகை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அக்ரிலிக் பிளாஸ்டிக்கை வார்க்க வேண்டியதுதான் பாக்கி. யாரும் மறுபடி சரிபார்க்காத இடம் அது ஒன்றுதான்.

பல்லக்கா கதவைச் சாத்தினாள். சின்னக் கத்தியை விளக்கில் காட்டிச் சூடாக்கி, மேல்வரிசையின் முன்பற்களை ஒரு மயிரிழை உள்ளே தள்ளினாள். அதற்குப் பின்னால், நாக்கின் நுனி போய்த் தொடுகிற மேட்டில், நகம் அளவுக்கு மெழுகைக் கூட்டி வைத்தாள். கண்ணால் பார்த்தால் பிரம்மாவுக்கும் தெரியாது. நாக்குக்குத் தெரியும். கை நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நிதானமாக ஒரு வேலையைச் செய்ததில்லை என்றுகூடத் தோன்றியது.

அடுத்த ஞாயிறு மூப்பர் பளிச்சென்று சிரித்துக்கொண்டு சபைக்கு வந்தார். எல்லோரும் கையைக் குலுக்கினார்கள். போதகர் அவரையே ஆரம்ப ஜெபத்துக்கு அழைத்தார். மூப்பர் முன்னால் போய் நின்று, கண்ணை மூடி, நெஞ்சை நிமிர்த்தி, "ஸ்தோத்திரம்" என்றார்.

குக்கர் விசில் அடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சகோதர சகோதரிகளே" என்று ஆரம்பித்தார். இரண்டு விசில். சபைப் பேச்சில் பாதி அந்த எழுத்தில்தானே வருகிறது! சிலுவை, சமாதானம், சாட்சி, பரிசுத்தம், நேசம், இரட்சிப்பு என்று எங்கே திரும்பினாலும் கண்ணிவெடி. பின்வரிசைப் பிள்ளைகள் ஒருவர் முதுகில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்தார்கள். மூன்றாவது வரிசையில் பல்லக்கா மட்டும் பக்தியோடு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நெஞ்சுக்குள் வெல்லம் கரைவது போலிருந்தது.

வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன்னால் நின்று, "பரிசுத்தம்" என்று அவர் மாதிரியே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அப்பா போனபிறகு அன்றுதான் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

மூப்பர் டாக்டரம்மாவிடம் போனார். டாக்டரம்மா பல்செட்டைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே அனுப்பினாள். பல்லக்கா ஓர் இடத்தைச் சரிசெய்தாள். இன்னோர் இடத்தைக் கெடுத்தாள். விசில் குறைந்தது, கடைவாயில் உயரம் கூடியது. இப்போது அவர் வாயைத் திறந்து மூடும்போதெல்லாம் டக் டக்கென்று தாழ்ப்பாள் போடுகிற சத்தம் வந்தது. மறுபடி வந்தார். அச்சு எடுத்து இரண்டாவது செட் செய்தார்கள். அதிலும் பல்லக்கா தன் கைவரிசையைக் காட்டினாள். பாலில் ஊறவைத்த ரொட்டியைத் தவிர வேறெதுவும் அவரால் தின்ன முடியவில்லை என்று அவருடைய மனைவி சபை வாசலில் யாரிடமோ சொல்லி அழுதாள். அதைக் காதில் வாங்கிக்கொண்டே பல்லக்கா செருப்பைத் தேடினாள். அப்பா கடைசிப் பத்து மாதமும் அதைத்தானே தின்றார்.

இப்படியே நாலு மாதம் ஓடியது. மூப்பர் ஜெபிக்க முன்னால் வருவதை விட்டார். பிறகு பாடுவதை விட்டார். பிறகு திருவிருந்துக்கும் எழுந்து வராமல், கடைசி வரிசையில் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். பல்லக்கா மட்டும் முன்னால் போய் மண்டியிட்டு, கையை நீட்டி, அப்பத்தை வாங்கிக்கொண்டாள். வாயில் போட்டதும் அது சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்து விழுங்கினாள்.

டாக்டரம்மாவின் முகமும் வாடிக்கொண்டே வந்தது. ஒருநாள் படியிறங்கி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, என் கண்ணுல ஏதாவது கோளாறா? அளவெடுக்கறதுல எங்கயோ தப்புப் பண்றேன் போல."

"நீங்க என்ன தப்புப் பண்ணுவீங்க டாக்டர். சில பேர் தாடை அப்படி."

"இல்லக்கா. நேத்து இன்னொரு அம்மாவுக்கு அச்சு எடுக்கும்போது கை நடுங்குச்சு. ரெண்டு தடவை எடுத்தேன். இனிமே முழு செட் கேஸே எடுக்க வேணாம்னு தோணுது."

பல்லக்கா கையிலிருந்த தாடையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்க்க அங்கே ஒன்றும் பாக்கியில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம், டாக்டரம்மா சாப்பிடப் போயிருந்த நேரம், ஜன்னலில் ஒரு ஜோடி கறுப்புச் செருப்பு வந்து நின்றது. நகரவில்லை. பிறகு படியில் காலடிச் சத்தம். மூப்பர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஆள் பாதியாகியிருந்தார்.

"உள்ள வரலாமாம்மா?"

அவள் ஸ்டூலைக் காட்டினாள். அவர் உட்கார்ந்து, திரும்பிக்கொண்டு, பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றினார். கன்னம் இரண்டும் உள்ளே விழுந்தன. பல்லில்லாத வாயோடு பேசினார். வெண்கலம் எங்கே போனதோ, தகரம் மட்டும்தான் மிச்சம்.

"நீ பல்லு கட்டுறவன்னு தெரியும், இந்த கிளினிக்குக்குத்தான் கட்டுறேன்னு எனக்குத் தெரியாது. நேத்துதான் டாக்டரம்மா சொன்னாங்க. அதைக் கேட்டதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு."

மாட்டிக்கொண்டோம் என்று பல்லக்கா நினைத்தாள்.

"கர்த்தர் என் வாயை அடிச்சிட்டாரும்மா" என்றார் அவர். "எந்த வாயால உன் தங்கச்சியைப் பத்திப் பொய் சொன்னேனோ அந்த வாயை அடிச்சிட்டாரு. அதுவும் உன் கையில கொண்டுவந்து போட்டு அடிக்கிறாரு பாரு. நீ எவ்வளவு சுத்தமா செஞ்சாலும் எனக்குச் சேராது. ஏன்னா இது அவர் கணக்கு."



"நான் லாட்ஜையும் பாக்கல, ஒருத்தனையும் பாக்கல. எம்பையனைப் பிரிக்கணும். அதுக்கு அதுதான் சுலபமா இருந்துச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இப்ப ஜெபிக்க உக்காந்தா நடுங்குது. பேத்தி வந்திருக்கா. தலையில கைவெச்சு ஆசீர்வாதம் பண்ணச் சொன்னா எடுத்துக்கிட்டேன் கையை. அடுத்து அவர் அந்தக் குழந்தையை அடிச்சிட்டா? வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் முன்னால எந்திரிச்சு சொல்லிடறேம்மா. சொன்னா விட்டுடுவாரா? நீ சொல்லு, விட்டுடுவாரா?"

பல்லக்கா, "சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள். எதற்கு அந்தப் பதில் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டுப் படியேறினார். கறுப்புச் செருப்பு ஜன்னலைக் கடந்து போனது.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடனே தங்கைக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். பிறகு தங்கை மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாருக்கும் முன்னாலயா?"

"எல்லாருக்கும் முன்னாலதான்டி."

"திடீர்னு அந்தாளுக்கு எப்படி ஞானம் வந்துச்சு?"

பல்லக்கா சொன்னாள். மயிரிழை தள்ளியது, மெழுகைக் கூட்டியது, குக்கர் விசில், தாழ்ப்பாள் சத்தம் எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமினாள். அந்தச் சிரிப்பைப் பதினைந்து வருஷம் கழித்துக் கேட்கிறாள் பல்லக்கா. அதற்காகவே இன்னும் பத்துப் பேர் பல்லைக் கெடுக்கலாம் என்றிருந்தது.

"அக்கா, நீ வாயைத் தொறக்காதே. ஞாயித்துக்கிழமை வரைக்கும் மூச்சு விடாதே. அந்தாளு சொல்லட்டும். யாராவது போன்ல பதிவு பண்ணுவாங்களா? எனக்குக் கேக்கணும்."

"பண்ணச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். மூப்பரின் பிளாஸ்டர் தாடை மேஜையில் இருந்தது. அதைப் பார்க்கும்போது, அவர் பேத்தியின் தலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டதுதான் கண்முன் வந்தது. தான் கெடுத்த வேலையின் அடியில் கர்த்தரின் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டோம் என்று தோன்றியது. அவர் கையெழுத்தை இவள் போட்டிருக்கிறாள். அந்த மனிதர் அதை நம்பிவிட்டார். ஒரு குழந்தையின் பல்லையும் காலையும் உடைக்கக் காத்திருக்கும் ரவுடி என்று கடவுளை நம்பிக்கொண்டு வீட்டில் நடுங்கிக்கொண்டிருக்கிறார்.

நடுங்கட்டுமே, அப்பா நடுங்கவில்லையா, என்றது மனசு. அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இந்தப் பொய்யை இப்படியே விட்டால் தங்கையின் பெயர் வெளுத்துவிடும். உண்மையைச் சொன்னால் அந்தாள் சுதாரித்துக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறக்க மாட்டான். இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினாள். யாரிடம் பேசுகிறோம் என்றே வெட்கமாக இருந்தது. கண்ணைத் திறந்துகொண்டாள்.

சாயந்தரம் எழுந்து, டாக்டரம்மா முதல்முதலில் எடுத்த அளவுகளைத் தேடி எடுத்தாள். புதிதாகப் பல் அடுக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தாள். ஒவ்வொரு பல்லை வைக்கும்போதும் அவரைத் திட்டினாள். "தின்னு, நல்லா தின்னு, கட்டையில போறவரைக்கும் தின்னு" என்று முனகிக்கொண்டே கடைவாய்ப் பல்லின் உயரத்தைக் கடுகளவும் பிசகாமல் நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை முழுக்க வார்த்து, தேய்த்து, மெருகேற்றினாள். உள்பக்கத்தை எப்போதும் போல இரண்டு மடங்கு நேரம் தேய்த்தாள். மனசில் ஒரு துளி இரக்கம் ஊறவில்லை. கை மட்டும் சரியாக வேலை செய்தது.

சனிக்கிழமை மத்தியானம் டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா கத்துவாள் என்று நினைத்தாள். அவள் கையுறையைக் கழற்றித் தொட்டியில் போட்டாள்.

"நாலு மாசமா என் கையை நானே நம்பாம இருந்தேன். நீங்க பக்கத்துல உக்காந்து அதைப் பாத்துக்கிட்டிருந்தீங்க" என்றாள். "அந்தாளு உங்களுக்கு என்ன பண்ணான்னு நீங்க சொல்றது எனக்குப் புரியுது. நான் உங்களுக்கு என்னக்கா பண்ணேன்?"

டாக்டரம்மா கதவைத் திறந்து பிடித்தாள்.

"அந்தப் பல்லை நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. திங்கக்கிழமை வர வேணாம்."

இருபத்திரண்டு வருஷத்தை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பல்லக்கா அங்கிருந்து நேராக மூப்பர் வீட்டுக்கு நடந்தாள். நாலு மணி வெயில். மூப்பரின் மனைவி கதவைத் திறந்தாள். முன்னறையில் மூப்பர் ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"ஐயா, கர்த்தர் உங்க வாயைத் தொடவே இல்ல. நான்தான் கெடுத்தேன். முதல் செட்டையும் நான்தான், ரெண்டாவதையும் நான்தான். வேணும்னேதான் பண்ணேன். உங்க பேத்திக்கு ஒண்ணும் ஆகாது. குழந்தை தலையில கைவெச்சு ஜெபிங்க. இது சரியான செட். போட்டுப் பாருங்க."

அவருக்குப் புரிய நேரம் எடுத்தது. முதலில் அவர் முகத்தில் தெரிந்தது கோபமே இல்லை. கழுத்துக்கயிற்றை அறுத்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஒரு சந்தோஷம். "அப்போ அவர் என்னைக் கைவிடலையா?" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கைக்குட்டையை விரித்து, பழசைக் கழற்றி, புதுசை மாட்டினார். கடித்தார். ஒரு சத்தமில்லை. நாக்கால் துழாவினார். கன்னம் நிறைந்தது. அதற்குப்பிறகுதான் கோபம் வந்தது. மேஜைமேல் இருந்த தாளைக் கசக்கிக் கீழே எறிந்தார்.

"சண்டாளி! சனியனே! எஞ்சோத்துல மண்ணைப் போட்டுட்டு எவ்வளவு தைரியமா வந்து நிக்கிற! சபையில வெச்சு உன்னைச் சந்தி சிரிக்க வெக்கிறேன் பாரு! வெளிய போடி!"

பழைய வெண்கலம் கணீரென்று வீடு முழுக்க அடித்தது. சண்டாளி, சனியன், சோறு, சபை, சந்தி, சிரிப்பு. ஒன்றில்கூட விசில் இல்லை. பல்லக்காவின் காது தன்னையறியாமல் அதைத்தான் கவனித்தது. வேலை சுத்தம்.

"நாளைக்கு என் தங்கச்சி விஷயத்தைச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

"எதுக்குச் சொல்லணும்? உன் பித்தலாட்டத்துக்கு நான் பயப்படணுமா?"

மூப்பரின் மனைவி கதவோரம் தூண் மாதிரி நின்றிருந்தாள். "எந்த விஷயம்?" என்று புருஷனைக் கேட்டாள். அவள் குனிந்து கசங்கிய தாளை எடுத்தாள். பல்லக்கா வெளியே வந்துவிட்டாள்.

ராஸ்கல், ராஸ்கல் என்று தெரு முழுக்கத் திட்டிக்கொண்டே போனாள். தன்னையும் திட்டிக்கொண்டாள். சும்மா இருந்திருந்தால் இன்னும் ஒரே ஒரு நாள். தங்கைக்குப் போன் செய்தபோது அவள், "ஏன்க்கா? உன் பக்தியை என் தலையிலதான் வந்து காட்டணுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப்பிறகு எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூப்பர் நாலு மாதத்துக்குப்பிறகு முன்னால் வந்து ஆரம்ப ஜெபம் செய்தார். கணீரென்ற குரல். சபை மெய்மறந்தது. "கர்த்தர் குணமாக்கினார்" என்று போதகர் அறிவித்தபோது கைதட்டினார்கள். பல்லக்கா மூன்றாவது வரிசையில் முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பல்லை அவர் தொண்டைக்குள்ளேயே தள்ளிவிடலாம் போலிருந்தது.

சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்றார் போதகர். மூப்பர் எழுந்திருக்க வாய்ப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். அவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பல்லக்கா எழுந்தாள். பதினைந்து வருஷத்தில் அவள் சாட்சி சொல்ல முன்னால் போய் நின்றதில்லை. மைக்கை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"மூப்பர் ஐயாவோட பல்லைக் கர்த்தர் குணமாக்கல" என்றாள். "ஏன்னா கர்த்தர் அதைக் கெடுக்கல. நான்தான் கெடுத்தேன். நாலு மாசம் அவர் பட்ட கஷ்டம் என் கைவேலை. டாக்டரம்மா மேல தப்பில்ல. நீங்க எல்லாரும் சிரிச்சப்ப நானும் உள்ளுக்குள்ள சிரிச்சேன். அது தப்பு. என் வேலை போயிடுச்சு, அது சரிதான்."

அவள் ஒரு கணம் நிறுத்தினாள். அதோடு இறங்கிப் போய்விடலாம். இறங்கவில்லை.

"ஏன் கெடுத்தேன்னு கேப்பீங்க. பதினஞ்சு வருஷத்துக்கு முன்னால அவர் என் தங்கச்சியைப் பத்திச் சொன்னது பொய். வேதத்துமேல கைவெச்சுச் சொன்ன பொய். வியாழக்கிழமை என்கிட்ட அவரே ஒத்துக்கிட்டாரு. நான் அவரை மன்னிக்கல. மன்னிச்சிட்டேன்னு சொன்னா அது இன்னொரு பொய். இதை மட்டும்தான் நிஜமா சொல்ல முடியும்."

மூப்பர் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா சபையே! செய்யறதையும் செஞ்சிட்டு..."

"உக்காருங்க" என்றாள் அவர் மனைவி.

அவள் பெண்கள் வரிசையில் எழுந்து நின்றிருந்தாள். நாற்பது வருஷத்தில் சபையில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. கைப்பையிலிருந்து கசங்கிய தாளை எடுத்தாள். அதைப் படிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். "இது அவர் கையெழுத்து. அந்தப் பொண்ணு சொல்றது உண்மை. ரெண்டும் உண்மை" என்றாள். உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

தாள் கைமாறி, கைமாறிப் பின்வரிசை வரைக்கும் போனது.

மூப்பர் பதவியை அவராக விடவில்லை. கமிட்டிதான் இறக்கியது. அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. பல்லக்காவைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். சபையில் பாதிப் பேர் அவள் பக்கம். பாதிப் பேர், ஒரு வயசானவர் வாயில் விளையாடலாமா என்றார்கள். அவர்கள் சொல்வதும் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். போதகரிடம் தானாகவே போய், கொஞ்ச நாளைக்குத் திருவிருந்துக்கு வர மாட்டேன் என்று சொன்னாள். டாக்டரம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. ஊரின் மறுகோடியில், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், வேறொரு லேபில் வேலை கிடைத்தது. சேரும்போதே முதலாளியிடம், முந்தைய இடத்தை ஏன் விட்டேன் என்று மறைக்காமல் சொன்னாள். அவர் அரைமணி நேரம் யோசித்துவிட்டு, "மூணு மாசம் பாக்கறேன்" என்றார்.

சபையின் செயலாளர் தங்கைக்கு எழுதிய கடிதம் ஐந்து வரிதான். அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும், பியானோவிலிருந்து எழுப்பியது தவறு என்பதையும் அதில் எழுதியிருந்தார். அது போய்ச் சேர்ந்து ஆறு வாரம் கழித்து, ஒரு காலை பல்லக்கா பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"எனக்கு இன்னும் உன்மேல கோபம்தான்" என்றாள் தங்கை.

"இருக்கட்டும்."

"நீ சொல்லிட்டு, அந்தாளும் வாயை மூடிக்கிட்டு, அந்தம்மாவும் எந்திரிக்காம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"தெரியலடி. உக்காந்து அழுதிருப்பேன்."

"அடுத்த மாசம் லீவுக்கு வரேன். கோயிலுக்கெல்லாம் கூப்பிடாதே. அப்பா கல்லறைக்கு மட்டும் போயிட்டு வரலாம்."

"சரி" என்றாள் பல்லக்கா. "வீட்டைச் சுத்தம் பண்ணி வைக்கிறேன்."

பஸ் வந்தது. கூட்டம். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மறுகையில் போன், தங்கை இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.